பாத்தியில் அக்கம்பக்கம்

17 ஜூலை 2024, புதன். ஆடி 1

திருவண்ணாமலையில், மலைக்கு மேற்கே இடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த மழை நேற்று ராத்திரி இறங்கிவிட்டது. செம்மண் பதமாக இருந்தது. காலையிலேயே கத்தரி நாற்றை நட்டுவிட்டேன். இலவம்பாடி முள்ளுக்கத்தரி. வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்துக் காய், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. தண்டிலும் இலை நரம்பிலும் முள் இருப்பதால் நடும்போதே கை கீறுகிறது. அந்த ருசிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டத்தில் எந்தப் பாத்தியிலும் ஒரே பயிர் நிற்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். கத்தரிக்கு நடுவே கொத்தமல்லி, தக்காளியோடு செண்டுமல்லி, கிழக்கு ஓரம் காராமணி, மேற்கே அவரைப் பந்தல், மூலைகளில் ஆமணக்கு. கத்தரியில் ஒரு வரிசையை மட்டும், பக்கத்தில் எதுவும் இல்லாமல், தள்ளி நட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே.

அத்தை பின்கட்டுத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “ஆமணக்கு மூலைக்கு ஒண்ணு போதும்மா. அது மரமாட்டம் நிக்கும், அப்புறம் கத்தரிக்கு வெயிலே எறங்காது.” அப்படியே ஊன்றினேன். மீந்த விதையைப் பரண்மேல் எடுத்து வைத்தாயிற்று. ஆமணக்கு விதை விஷம். பளபளவென்று புள்ளிபோட்டு அழகாக இருப்பதால் குழந்தைகள் கையில் எடுத்துவிடும். ஆமணக்கை வீட்டுத் தோட்டத்தில் வைக்கிற எவரும் இதை மறக்கக் கூடாது. காய் முற்றுவதற்குள் குலையை வெட்டிவிடுவேன்.

20 ஜூலை, சனி

தக்காளி விதையை இன்றுதான் நாற்றங்காலில் போட்டேன். செண்டுமல்லியை இரண்டு வாரம் முன்பே போட்டாயிற்று. இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை இது: தக்காளி நாற்றுக்கு 25 நாள், செண்டுமல்லி நாற்றுக்கு 40 நாள் வயதிருக்கும்போது இரண்டையும் ஒரே நாளில் நட வேண்டும், 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. அப்போதுதான் தக்காளி பூக்கிற சமயத்தில் செண்டுமல்லியும் மொட்டு விடும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிடச் செண்டுமல்லி மொட்டில் முட்டையிடத்தான் ஆசை. பூ பிந்தினால் முறையே வீண்.

எந்தச் செடிக்கு எது நண்பன், எது பகைவன் என்று கட்டம் போட்ட அட்டவணைகள் கைப்பேசியில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் பல, அமெரிக்காவில் லூயிஸ் ரியாட் 1975-ல் எழுதிய புத்தகத்திலும் அதுபோன்ற வேறு சிலவற்றிலும் இருந்து வந்தவை. பனி பெய்கிற ஊர்த் தோட்டத்தின் அனுபவம் அது. அங்கே உண்மையாகவே இருக்கலாம். என் அவரைக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பகை என்று அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. செண்டுமல்லி விஷயம் வேறு. எந்தப் பூச்சி, எந்த வயதில், எந்த மொட்டுக்கு வருகிறது என்பதுவரை பார்த்துச் சொன்னது அது.

21 ஜூலை, ஞாயிறு

பௌர்ணமி. செங்கம் சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம். எரு கொண்டுவருவதாகச் சொன்ன வண்டி வரவில்லை. நாளையும் வராது.

3 ஆகஸ்ட், சனி. ஆடி 18

காலையில் சாமி கும்பிட்டு, சித்ரான்னம் செய்து முடித்தபின் கொத்தமல்லி விதைத்தேன். விதையைத் தரையில் போட்டுச் செருப்புக்காலால் லேசாகத் தேய்த்து, இரண்டாகப் பிளந்தபின் தூவ வேண்டும். முழுசாகப் போட்டால் முளைக்கத் தாமதமாகும். கத்தரி வரிசைகளுக்கு இடையே நெருக்கமாகவே தூவினேன்.

இந்த வெயிலில் கொத்தமல்லி இலை அதிகம் கொடுக்காது, சீக்கிரம் பூத்துவிடும் என்று எதிர்வீட்டு அக்கா எச்சரித்தார். எனக்கு வேண்டியதே அந்தப் பூதான். குடை விரித்த மாதிரி இருக்கும் கொத்தமல்லிப் பூ ஆழமே இல்லாதது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னக் குளவிகளுக்கும் அதில் வாய் எட்டும். புழுவுக்குள் முட்டையிடுகிற குளவிகள் அவை. தேன் கிடைக்கிற இடத்தில்தான் அவை தங்கும்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

கீழ்பென்னாத்தூர் பக்கம் பெரிய மாமாவின் கொல்லைக்குப் போனோம். அத்தையின் அண்ணன். மல்லாட்டை (நிலக்கடலை) பூத்து, விழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் பார்க்கப் போனது மல்லாட்டையை அல்ல, அதோடு நிற்கிறவற்றை.

ஆறு சால் மல்லாட்டைக்கு ஒரு சால் துவரை. வரப்போரம் ஆமணக்கு. ஆங்காங்கே காராமணி. ஓரத்தில் ஒரு கீற்றுப் புளிச்சகீரை. தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒழுங்கில்லாமல் விதைத்ததாகத் தெரியும். வரப்பில் நின்று மாமா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து வைத்திருப்பது புரிந்தது.

“தொவரை எதுக்கு மாமா?”

“மானம் கைவிட்டா மல்லாட்ட போயிடும்மா. தொவரை போவாது. வேர் ஆழத்துல கெடக்கு. மல்லாட்டய புடுங்கி வூட்டுக்குக் கொண்டாந்த பெறகுதான் அதுக்கு எடமே கெடைக்கும். அப்புறம் பாரு, ஐப்பசி மழய குடிச்சிட்டுத் தையில காய்க்கும்.”

மல்லாட்டை நூறு, நூற்றுப்பத்து நாள் பயிர். நாட்டுத் துவரைக்கு ஆறு மாதத்துக்கு மேல் வேண்டும். முதல் மூன்று மாதம் துவரை மெதுவாக ஏறுகிறது, அந்த நேரத்தில் மல்லாட்டை தரையை மூடிக்கொள்கிறது. இது காலிசெய்த இடத்தில் அது பரவுகிறது. ஒன்றின் வேர் மேல்மண்ணில், மற்றதன் வேர் அடிமண்ணில். ஒரே நிலத்தில் இரண்டும் சண்டையில்லாமல் நிற்பதற்கு இந்த நேரக் கணக்கும் ஆழக் கணக்கும்தான் காரணம். வீட்டுத் தோட்டத்தில் ஜோடி சேர்க்கிறவர்கள் வாசனையைப் பற்றி நிறையப் பேசுகிறோம், இந்தக் கணக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை.

காராமணி கம்பளிப்புழுவுக்கு. கோடைமழை விழுந்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்ததெல்லாம் அந்துப்பூச்சியாகக் கிளம்பும். அந்த ராத்திரிகளில் வரப்பில் தீ மூட்டி வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். தப்பித்தவை இடுகிற முட்டையிலிருந்து வருகிற புழு, மல்லாட்டையைவிடக் காராமணி இலையை விரும்பித் தேடிப் போகும். அங்கே கூட்டமாக இருக்கும்போதே பொறுக்கி அழித்துவிட வேண்டும். வேளாண் பல்கலைக்கழகக் கையேடுகளிலும் இது இருக்கிறது. மாமா கையேடு பார்த்தவர் இல்லை.

ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேரில் கடுகளவு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் உள்ளே இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. இதில் பலர் நினைப்பதற்கும் நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பயறுச் செடி உயிரோடு நிற்கும்போது தன் தழைச்சத்தைப் பக்கத்துச் செடிக்குப் பெரிதாக வாரிக் கொடுப்பதில்லை. பெரும்பங்கு அதன் இலைக்கும் பருப்புக்கும்தான் போகிறது. வேரும் தழையும் மண்ணில் மக்கும்போதுதான் அடுத்து வருகிற பயிருக்குக் கிடைக்கும். ஆகவே என் காராமணியை முடிந்ததும் பிடுங்கக் கூடாது. தரையோடு அறுத்துவிட்டு வேரை உள்ளேயே விட வேண்டும்.

திரும்பும்போது மாமி ஒரு கட்டுப் புளிச்சகீரை கொடுத்தனுப்பினார்.

15 ஆகஸ்ட், வியாழன்

விடுமுறை. தம்பியும் கூட நின்றான். தக்காளியையும் செண்டுமல்லியையும் நட்டு முடித்தோம். வீட்டுப் பாத்திக்குப் பதினாறுக்கு ஒன்று என்கிற கணக்கு ஒத்துவராது. பாத்தியின் இரண்டு தலைமாட்டிலும் செண்டுமல்லி, நடுவே தக்காளி என்று வைத்தேன். உயரமாக வளரும் ஆரஞ்சுப் பூ ரகம்.

மூலையில் போன பட்டத்துத் தக்காளிச் செடி ஒன்று நோஞ்சானாக நின்றுகொண்டிருந்தது. பிடுங்கியபோது வேர் முழுக்கப் புடைப்பு. மல்லாட்டை வேரில் முடிச்சு ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் உருட்டினால் உதிரும். இது அப்படி இல்லை, வேரே வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நூற்புழு. எங்கள் மாதிரி மணல் கலந்த செம்மண்ணில் அதற்குக் கொண்டாட்டம்.

செண்டுமல்லி வேர் இந்த நூற்புழுவைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆல்ஃபா டெர்த்தியனில் என்கிற பொருள் அதன் வேரில் இருக்கிறது. ஆனால் தலைமாட்டில் இரண்டு செடி வைத்தால் பாத்தி சுத்தமாகிவிடாது. இடம் முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாகப் போட்டு, இரண்டு மாதமாவது நிற்கவிட்டு, அதன்பின் தக்காளி வைத்தால்தான் கண்கூடாகப் பலன் இருக்கும். ஆகவே இந்தச் செடிகளை நான் நட்டிருப்பது காய்ப்புழுவுக்காக. நூற்புழுவுக்கு அந்த மூலையை அடுத்த கோடையில் முழுக்கச் செண்டுமல்லிக்கே விட்டுவிடப் போகிறேன். பூவுக்கு இந்த ஊரில் பஞ்சமா? சாமிக்குப் போகும்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

நண்பகலில் துளசி மாடத்துக்கு நிழலே இல்லை. அவரைப் பந்தல் காலின் நிழலும் அதன் அடியிலேயே சுருண்டுவிட்டது. திருவண்ணாமலை வடக்கே பன்னிரண்டே கால் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழுகிறது. இனிமேல்தான் தெற்கே சாயும்.

உயரமான செடியை வடக்கே வை, குட்டைச் செடியைத் தெற்கே வை என்று எல்லா அட்டவணையிலும் இருக்கும் பாடம் ஆடியில் நமக்குத் தலைகீழ். மார்கழியில் வேண்டுமானால் பொருந்தும். வருஷம் முழுக்க நமக்குக் கவலை மேற்கு வெயில். பிற்பகல் இரண்டிலிருந்து நாலரை வரை சுடுகிற வெயிலைத் தடுத்தால் கீரை பிழைக்கும். அதற்குத்தான் அவரைப் பந்தலை மேற்கே போட்டேன். நாட்டுக் கொடி அவரை பகல் குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் கார்த்திகை, மார்கழி வரை வெறும் இலைதான். அந்த இலைக்காலம் முழுவதும் பந்தலின் கிழக்குப் பக்கம் அரைக்கீரைக்கும் பாலக்குக்கும் நிழல்.

வட அமெரிக்கப் பழங்குடிகள் மக்காச்சோளம், கொடிப் பயறு, பரங்கி மூன்றையும் ஒன்றாக வளர்ப்பார்கள். மக்காச்சோளத்தில் பயறு ஏறும், பரங்கி தரையை மூடும். இங்கே வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி செய்வதும் இதே வேலைதான். ஏறுவதற்கு உயிருள்ள கொம்பு, மேலே வடிகட்டிய வெயில், போதாததற்கு அகத்திக்கீரை. அந்த மூன்று செடியை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டுப் பார்ப்பதைவிட, கொடிக்காலை ஒரு தடவை போய்ப் பார்ப்பது நமக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

வந்துவிட்டது. தென்கிழக்கு மூலை ஆமணக்கில், இலையின் அடிப்பக்கம், நரம்போரமாக ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாய் ஒரு திட்டு. பழுப்பு நிறத்தில் ரோமம் ஒட்டிய கம்பளித் துணி போல. புரோட்டீனியா அந்துப்பூச்சியின் முட்டைக் குவியல். முட்டையிட்ட பின் தன் உடம்பு ரோமத்தையே மேலே அப்பிவிட்டுப் போகிறது. தம்பியின் பூதக்கண்ணாடியில் ரோமத்தை ஊசியால் விலக்கிப் பார்த்தோம். அடியில் முத்து முத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக முட்டைகள். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கில் இருக்கும். இலையோடு கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டேன்.

வடமேற்கு மூலையில் ஒன்று ஏற்கெனவே பொரித்துவிட்டது. இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்பு மட்டும் மிஞ்சிக் கண்ணாடித்தாளாக நிற்கிறது அந்த இடம். இளம்பச்சையில் நூல்போன்ற புழுக்கள் தோளோடு தோள் ஒட்டி ஒரே கும்பல். இந்த வயதில்தான் இவை கூட்டமாக இருக்கும். இன்னும் சில நாள் போனால் பிரிந்து, பகலில் மண்ணுக்குள் ஒளிந்து, ராத்திரியில் கண்டதையெல்லாம் தின்னும். அந்த இலையையும் எடுத்தாயிற்று.

இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்ல விரும்புகிறேன். ஆமணக்கு வைத்தால் பூச்சி வராது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆமணக்கு வைத்தால் பூச்சி நிச்சயம் வரும். நாம் கூப்பிடுகிறோம், அது வருகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது இலையைத் திருப்பிப் பார்க்கிற ஆள் வீட்டில் இருந்தால் அது காவல். இல்லையென்றால் அதே ஆமணக்கு புழுவுக்குப் பிரசவ வீடு, பக்கத்துக் கத்தரிக்கும் சேர்த்து நாசம். முட்டை பொரிக்க மூன்று நான்கு நாள் போதும். வாரத்துக்கு ஒரு முறை தோட்டத்துப் பக்கம் வருகிறவர்கள் ஆமணக்கு வைக்காமல் இருப்பதே நல்லது.

கென்யாவில் ஐசிஐபிஇ (ICIPE) என்கிற பூச்சியியல் ஆய்வு மையம் 1990-களில் உருவாக்கிய முறையில் இந்த ஆள் வேலையைச் செடியே செய்கிறது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி, வயலைச் சுற்றி நேப்பியர் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சியை விரட்டும், நேப்பியர் புல் இழுக்கும். புல்லில் பொரித்த புழுவில் பெரும்பாலானவை அங்கே பிழைப்பதில்லை. டெஸ்மோடிய வேர் சுடுமல்லிக் களையையும் ஒடுக்குகிறது. அதில் முன்நின்றவர் ஜெயூர் கான், இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி. நமக்கு அப்படி ஒரு புல் கத்தரிக்குக் கிடைக்கும்வரை இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.

1 செப்டம்பர், ஞாயிறு

குரங்குகள். மலையிலிருந்து ஒரு கூட்டம் இறங்கிப் பந்தலை உலுக்கிவிட்டுப் போயிற்று. எந்தத் துணைப்பயிரும் குரங்குக்கு உதவாது. வலை கட்டினோம். முள்ளுக்கத்தரியை மட்டும் தொடவில்லை.

7 செப்டம்பர், சனி. விநாயகர் சதுர்த்தி

எருக்கம்பூ மாலையோடு எங்கள் வீட்டுச் செண்டுமல்லியும் முதல் தடவையாகப் பிள்ளையாருக்கு. தக்காளியிலும் மஞ்சள் பூ எட்டிப் பார்க்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில். நாற்றங்கால் கணக்கு சரியாக வந்ததில் மனசு நிறைந்துவிட்டது.

பூப்பறிக்கும்போது மொட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். மொட்டின் பச்சைப் புறவிதழில் தனித்தனியாக, குண்டூசித் தலையைவிடச் சின்னதாய் வெளிர்மஞ்சள் முட்டை. புரோட்டீனியாவைப் போல இது குவியலாக இடுவதில்லை, ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். தக்காளியில் இப்படித் தேடினால் ஒரு காலை போய்விடும். இங்கே கையெட்டும் உயரத்தில் தெரிகிறது. புழு துளைத்த மொட்டுகளையும் கிள்ளினேன். தக்காளிப் பூங்கொத்தில் முட்டை இல்லாமல் இல்லை, ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு செண்டுமல்லியின் அடி இலையில் வெள்ளைப் புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும். செஞ்சிலந்திப்பேன். காய்ந்த காற்றில் இந்தச் செடிக்கு வருகிற தொல்லை, தக்காளிக்கும் தாவும். இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டேன்.

14 செப்டம்பர், சனி

காராமணியில் கருப்பு அசுவினி. பிஞ்சும் கொழுந்தும் தெரியாத அளவுக்கு அப்பிக்கிடக்கிறது. வேப்பெண்ணெய்க் கரைசல் கலக்கட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அதே கொழுந்தில் பொறிவண்டின் குஞ்சுகள், முதலை மாதிரி உடம்போடு, கருப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்ந்துகொண்டிருக்கின்றன. இவற்றை இங்கே வளர்க்கத்தான் காராமணியே. அசுவினி இல்லாவிட்டால் பொறிவண்டு எதைத் தின்று முட்டையிடும்? இங்கே பெருகியவை கத்தரிக்கும் போகும்.

எறும்பும் நிறைய. அசுவினியின் தேன்கழிவுக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் அசுவினி இல்லாத காம்புகளிலும் எறும்பு நிற்கிறதைப் பார்த்துக் கண்ணாடி வைத்தேன். காராமணியின் பூக்காம்பில், பூவுக்கும் பூவுக்கும் நடுவே, சின்னச் சின்னத் தேன் சுரப்பிகள் இருக்கின்றன. பூ விரியாத நேரத்திலும் தேன் கசிகிறது. எறும்போடு ஒரு ஒல்லிக் குளவியும் வந்து நக்கிவிட்டுப் போனது. கிழக்கோரத்தில் இந்தச் செடி நிற்பது தோட்டத்துக்கே அன்னசத்திரம்.

22 செப்டம்பர், ஞாயிறு

புரட்டாசி பிறந்து காய்கறி விலை ஏறிவிட்டது. கத்தரி பறிக்க ஆரம்பித்துவிட்டோம்.

தண்டுத்துளைப்பான் வந்த செடியில் நுனி மட்டும் வாடித் தலை தொங்கும். அடிச்செடிக்குத் தண்ணீர்க் குறை ஒன்றும் இருக்காது. அந்த நுனியை இரண்டு விரற்கடை கீழே கிள்ளிப் பிளந்தால் உள்ளே ரோஜா நிறப் புழு. வாரக்கணக்காகக் கிள்ளி வருகிறேன். கொத்தமல்லி பூத்து நிற்கிற வரிசைகளில் வாடிய நுனி குறைவு. தனியாக விட்ட வரிசையில் அடிக்கடி. இன்று பறித்ததிலும் ஓட்டை விழுந்த காய் பெரும்பாலும் அந்தத் தனி வரிசையிலிருந்துதான். கத்தரியோடு கொத்தமல்லி போட்டால் துளைப்பான் குறைகிறது என்று நம் நாட்டு ஆய்வுகளும் சொல்லியிருக்கின்றன. மணம் அந்துப்பூச்சியைக் குழப்புகிறதா, பூவுக்கு வரும் குளவிகள் புழுவைக் கொல்கின்றனவா என்று என் ஒரு பாத்தியை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் நடக்கலாம். கிள்ளுவதை நிறுத்த முடியாது என்பது மட்டும் உறுதி.

ஆமணக்கில் குலை வந்துவிட்டது. வெட்டிவிட்டேன். இனி இலைக்காக மட்டும் நிற்கட்டும்.

ஐப்பசி மழைக்கு முன் வடக்குப் பாத்தியில் பல தானிய விதைப்பு. இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியது: தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், மசாலாப் பொருள் என்று எல்லா வகையிலும் சிலவற்றைக் கலந்து விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி மண்ணோடு சேர்ப்பது. கம்பு, சாமை, உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு, கடுகு, வெந்தயம் வீட்டிலேயே இருக்கின்றன. சாமை ஜவ்வாதுமலையிலிருந்து வந்தது. எள்ளுக்கும் சணப்புக்கும் மாமாவிடம் சொல்லியாயிற்று. அத்தை, “துவரையும் ஒரு கை போடும்மா, அத மட்டும் மடக்காத, நிக்கட்டும்” என்கிறார். மேற்கு ஓரமாக இரண்டு செடிக்கு இடம் விட்டிருக்கிறேன்.